வீடு மாறிய வீடு

"வீடு மாத்தறோம்" என்று சொல்கிறோமே, எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? வீடு எங்கே மாறுகிறது! அது இருந்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. மாறுவதெல்லாம் நாம்தான். ஒரு மினி லாரி, கால் ஆடுகிற கட்டில், ஓட்டை பக்கெட், முன் ஸீட்டில் மடியில் சாமி படத்தோடு அம்மா...

இந்த வார்த்தைப் பிழையைத் திருத்தி வைத்த ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் எக்ஸெட்டர். 1961 டிசம்பரில் அங்கே ஒரு வீடு, சக்கரம் கட்டிக்கொண்டு, தெருவோடு உருண்டு, நிஜமாகவே வீடு மாறியது. அதுவும் சின்னப் பிள்ளை வீடு இல்லை. 15-ம் நூற்றாண்டில் பிறந்தது. நகரும்போது அதற்குச் சுமார் ஐந்நூறு வயசு!

ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் பிரிஸ்டலில் இருந்தேன். எக்ஸெட்டர் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தால் துணி துவைக்கச் சொல்லுவான் என் ரூம்மேட். அதற்குப் பயந்தே அவனையும் கிளப்பிக்கொண்டு புறப்பட்டேன்.

ரூம்மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனை நாங்கள் எல்லோரும் 'சிவில்' என்றுதான் கூப்பிடுவோம். படித்தது சிவில் இன்ஜினீயரிங். செய்வது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவன் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது. "நாலு வருஷம் படிச்சேன்டா. இதுவரைக்கும் ஒரு திண்ணைகூடக் கட்டலை" என்று மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் சம்பளம் வந்த மறுநாள், புலம்புவான்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் நம்பவில்லை.

"சுவரை எப்படிடா நகர்த்துவான்? அஸ்திவாரம் என்ன ஆகும்? விரிசல் விடாதா? யாரோ உன்கிட்ட கதை விட்டிருக்கான்."

"வந்து பாரு."

"பொய்யா இருந்தா ரயில் டிக்கெட் காசு நீ தரணும்."

எக்ஸெட்டர் ஸ்டேஷனில் இறங்கி டீக்கடையில் நின்றோம். கல்லாவில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயசாவது இருக்கும். சிவிலைப் பார்த்து, "சர்க்கரை வேணுமா, மை லவ்வர்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! சிவில் காது வரை சிவந்துவிட்டான். பயப்படாதீர்கள். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் அது நம் ஊர் 'கண்ணு', 'ராசா' மாதிரி. பஸ் டிரைவரிலிருந்து மருந்துக் கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லுவார்கள். இது தெரிந்த பிறகும் சிவில் அன்று மூன்று டீ குடித்தான் என்பது வேறு விஷயம்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போக மேடு ஏற வேண்டும். ஏறினால் ஹை ஸ்ட்ரீட். பழைய ஊர் என்று ஆசையாக வந்தவனுக்குச் சப்பென்றிருக்கிறது. நிறையக் கட்டடங்கள் நம் மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. காலத்துச் சாயலில் நிற்கின்றன. காரணம் ஹிட்லர். 1942-ல் ஜெர்மன் விமானங்கள் தொழிற்சாலைகளை விட்டுவிட்டு, அழகான பழைய ஊர்களாகப் பார்த்துக் குண்டு போட்டன. எக்ஸெட்டர், பாத், நார்விச், யார்க், கான்டர்பரி என்று பட்டியல். பேடெக்கர் என்கிற பிரபலமான ஜெர்மன் டூரிஸ்ட் கைடு புத்தகத்தின் பெயரையே அந்தத் தாக்குதல்களுக்கு வைத்துவிட்டார்கள். அந்த வருடம் மே மாதம் ஒரே ராத்திரியில் எக்ஸெட்டரின் நடு மையம் எரிந்து போனது.

அதில் தப்பித்தவற்றுக்கு அடுத்த கண்டம் கார் ரூபத்தில் வந்தது. அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஃபோர் ஸ்ட்ரீட்டில் சரிவாக இறங்கி, இடதுபக்கம் ஸ்டெப்கோட் ஹில் என்கிற சந்துக்குள் நுழைந்தோம். பேர்தான் ஹில். கருங்கல் பாவிய படிகள், நடுவே தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால், வழுக்கினால் நேராக நதியில்தான் எழுந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் மேற்கு வாசல் வழியாக ஊருக்குள் வருகிறவர்களுக்கு இதுதான் முக்கியப் பாதையாம். சரக்கு மூட்டையோடு ஏறிய குதிரைகளை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே இறங்கினோம்.

கீழே வெஸ்ட் ஸ்ட்ரீட். ஒரு பக்கம் செங்கல் நிறக் கல்லில் கட்டிய செயின்ட் மேரி ஸ்டெப்ஸ் சர்ச். எதிரே...

"மாப்ளே, அதுதானா?" என்றான் சிவில்.

அதேதான். ஒல்லியாக, மூன்று மாடியாக, கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே வெளிர் பூச்சோடு நின்றுகொண்டிருந்தது. கீழ் மாடியைவிட நடு மாடி வெளியே துருத்துகிறது. அதைவிட மேல் மாடி துருத்துகிறது. படிக்காசுத் தட்டு மாதிரி மேலே போகப்போக அகலம். ஊரில் அதன் பெயரே 'த ஹவுஸ் தட் மூவ்ட்'. நகர்ந்த வீடு! கீழே கடை. ஞாயிறு என்பதால் பூட்டு.

சிவில் இரண்டு தரம் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். அண்ணாந்து பார்த்தான். சக்கரத்தைத் தேடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம்.

"ஏன்டா இப்படி மேல தள்ளிக் கட்டியிருக்கான்? தரையை மட்டும் அளந்து வரி போடுவாங்கன்னு கார்ப்பரேஷன் கண்ணுல மண்ணைத் தூவியிருப்பான்."

"அப்படித்தான் எல்லோரும் சொல்லுகிறார்கள். அது கதை" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினோம். ஒரு நாயும் அதன் கயிற்றில் கட்டிய ஒரு பெரியவரும். எழுபது தாண்டியிருக்கும். நாய் அவரை உட்காரச் சொன்னதும் சர்ச் வாசல் படியில் உட்கார்ந்தார். ரிடையர்டு தச்சராம். இந்தியாவிலிருந்து வந்து சர்ச்சையும் சாராயக் கடையையும் விட்டுவிட்டு இந்த வீட்டையே இரண்டு பேர் முறைத்துக்கொண்டிருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது.

"அப்ப ஏன் ஸார் துருத்துது?" என்று கேட்டேன்.

மூன்று காரணம் சொன்னார். தெருவில் மனை குறுகல், மாடியிலாவது இடம் கிடைக்கும். மேல் மாடி குடை மாதிரி நின்று, கீழ்ச் சுவரை மழையிலிருந்து காப்பாற்றும். மூன்றாவது காரணத்துக்கு சிவிலைப் பார்த்தார். "நீ இன்ஜினீயர் என்கிறாயே, நீயே சொல். ஒரு பலகையின் நடுவில் ஏறி நின்றால் என்ன ஆகும்?"

"தொய்யும்."

"பலகையின் நுனி சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்து, அந்த நுனிமேல் மேல்மாடிச் சுவர் உட்கார்ந்திருந்தால்?"

சிவிலின் முகத்தில் நான்கு வருடமாக எரியாத ஒரு பல்பு எரிந்தது. "கேன்டிலீவர்! நுனியில பாரம் இருந்தா நடுவுல தொய்யாது!"

"அந்த வார்த்தையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது" என்றார் பெரியவர். "விஷயம் தெரியும்."

இந்த வீடு முதலில் இரண்டு தெரு சந்திக்கிற முனையில் இருந்தது. அதனால் இரண்டு பக்கமும் துருத்துகிறது. அப்படி இரண்டு பக்கமும் துருத்த வேண்டுமென்றால் மூலையில் குறுக்காக ஒரு முரட்டு உத்தரம் போட வேண்டும். அதற்கு டிராகன் பீம் என்று பெயர். அந்த உத்தரத்தைத் தாங்கும் மூலைத் தூணுக்கு, மரத்தின் வேர்ப் பக்கம் மேலே வரும்படி தலைகீழாக நிறுத்துவார்களாம். அடிமரம்தானே பருமன்? உத்தரம் உட்கார மேலேதான் அகலம் வேண்டும். சிரசாசனம் செய்யும் மரம்!

அடுத்து அவர் சொன்னதுதான் எங்களை வாய் பிளக்க வைத்தது.

"நீங்கள் இதைச் சுவர் என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். இது சுவர் இல்லை. மேஜை. நாற்காலி. கட்டில். பெரிய சைஸ், அவ்வளவுதான்."

யோசித்துப் பாருங்கள். நம் கட்டடத்தில் சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது. இங்கே வேலையெல்லாம் மரச்சட்டத்துக்கு. அடிக்கட்டை, அதன்மேல் தூண்கள், குறுக்கே உத்தரம், மூலைக்கு மூலை சாய்வுக் கட்டை. சுவர் என்று நாம் பார்ப்பது சட்டங்களின் இடைவெளியை அடைக்கிற அடைப்பு. அதை எதனால் அடைத்தார்கள் தெரியுமா? பிளந்த ஹேசல் குச்சிகளை முறம் மாதிரிப் பின்னி, அதன்மேல் களிமண், வைக்கோல், மாட்டுச் சாணி மூன்றையும் மிதித்துக் குழைத்து அப்புவது. மேலே சுண்ணாம்பு. நம் ஊர் வரிச்சுச் சுவர்தான்! "சாணியா? இங்கிலீஷ்காரனா?" என்று சிவில் தமிழில் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சட்டத்துக்கு ஓக் மரம். அதுவும் காய்ந்த மரம் இல்லை, பச்சை மரம். ஓக் காய ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று தச்சர்கள் கணக்கு. ஓரடி கன உத்தரம் காய வேண்டுமென்றால் பன்னிரண்டு வருஷம். அதுவரை எவன் காத்திருப்பான்? வீடு கட்டிக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருந்தவன் காசிக்குப் போக வேண்டியதுதான். அதோடு, பச்சை ஓக் உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். காய்ந்துவிட்டால் இரும்பு. ஆணி இறங்காது.

ஆணி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வீட்டுச் சட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது இரும்பாணி இல்லை. ஓக் மரத்தில் இருக்கும் டானின் இரும்பைத் தின்றுவிடும். அதனால் ஒரு கட்டையின் நுனியை நாக்கு மாதிரி செதுக்குகிறார்கள். இன்னொரு கட்டையில் அதே அளவுக்கு வாய் திறக்கிறார்கள். நாக்கை வாய்க்குள் விட்டு, குறுக்கே ஒரு மர ஆணி. இதிலே ஒரு சூட்சுமம். வாயில் போட்ட ஓட்டையும் நாக்கில் போட்ட ஓட்டையும் நேருக்கு நேர் இருக்காது. ஒரு நூல், இரண்டு நூல் வேண்டுமென்றே தள்ளிப் போட்டிருப்பார்கள். கூம்பாகச் சீவிய மர ஆணியை அதில் அடிக்க அடிக்க, அது இரண்டு கட்டைகளையும் தன் பக்கம் இழுத்து இறுக்கிவிடும். ஆணி மட்டும் காய்ந்த மரம், சட்டம் பச்சை மரம். நாளாக ஆகச் சட்டம் காய்ந்து சுருங்கி ஆணியைக் கவ்விக்கொள்ளும்.

பெரியவர் தன் கைத்தடியால் அங்கங்கே முட்டிக்கொண்டு நின்ற மர ஆணித் தலைகளைக் காட்டினார். சிவில் எட்டிய மட்டும் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

மரம் அப்படிக் காயும்போது சும்மா இருக்குமா? முறுக்கும், வளையும், ஒரு பக்கம் சாயும். பழைய இங்கிலீஷ் வீடுகள் எல்லாம் ஒரு கிளாஸ் போட்ட மாதிரி கோணிக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம். செங்கல் சுவர் இந்த ஆட்டம் ஆடினால் விழுந்துவிடும். மரச்சட்டம் விழாது. இணைப்புகள் கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒரு புது நிலைக்கு வந்து நின்றுகொள்ளும்.

இன்னொன்று. வீட்டை வீட்டு மனையில் கட்டவே மாட்டார்களாம். தச்சர் பட்டறையில் தரையில் படுக்கப் போட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் செதுக்கி, பொருத்திப் பார்த்து, இணைப்புக்கு இணைப்பு ரோமன் எண்ணைக் கீறிவிடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று கோடு என்று. நாலுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி போடாமல் நாலு கோடே போட்டுவிடுவார்கள். கட்டையைத் தலைகீழாகப் பார்த்தால் நாலு ஆறாகிவிடக் கூடாதில்லையா? பிறகு எல்லாவற்றையும் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் நம்பர் பார்த்துத் தூக்கி நிறுத்த வேண்டியது. அந்த நம்பரை இந்த வீட்டில் நானும் தேடிப் பார்த்தேன். வெளியிலிருந்து என் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.

போன மாதம்தான் நாங்கள் அட்டைப் பெட்டியில் வருகிற கட்டில் ஒன்று வாங்கி, புத்தகத்தைப் பார்த்து ராத்திரி இரண்டு மணி வரை பூட்டினோம். முடித்தபோது கையில் மூன்று திருகாணி மிச்சம். இன்றைக்கும் நான் அதில் இடது பக்கமாகத் திரும்பிப் படுப்பதில்லை. அந்தத் தொழிலை 15-ம் நூற்றாண்டிலேயே, அதுவும் மூன்று மாடி அளவில், மிச்சமில்லாமல் செய்திருக்கிறார்கள்!

பிரிக்க முடியும் என்பதால்தான் இந்த ஜாதி வீடுகளுக்கு யாத்திரை யோகம் உண்டு. லங்காஷயரில் இருந்த ஏஜ்கிராஃப்ட் ஹால் என்கிற பழைய மாளிகையை 1925-ல் ஓர் அமெரிக்கப் பணக்காரர் ஏலத்தில் எடுத்தார். கட்டை கட்டையாகப் பிரித்து, பெட்டிகளில் போட்டு, கப்பலேற்றிக்கொண்டு போய் விர்ஜினியாவில் ரிச்மண்ட் நகரத்தில் மறுபடி பூட்டிவிட்டார்கள். இன்றும் அங்கே இருக்கிறது. நாடு விட்டு நாடு போய் செட்டில் ஆனது! சஸெக்ஸில் சிங்கிள்டன் என்கிற இடத்தில், இடிக்க இருந்த பழைய வீடுகளாகப் பிரித்துக்கொண்டு வந்து ஒரு கிராமம் மாதிரியே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள்.

எக்ஸெட்டர் வீட்டை மட்டும் பிரிக்கவில்லை. முழுசாகவே கிளப்பினார்கள்.

நடந்தது இதுதான். எக்ஸ் நதிப் பாலத்துக்குப் பக்கத்தில், எட்மண்ட் ஸ்ட்ரீட்டும் ஃபிராக் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற முனையில் இந்த வீடு இருந்தது. தவளைத் தெரு என்றதுமே ஆற்றங்கரை என்று புரிந்துவிடுகிறது பாருங்கள். 1950-களில் ஊரெல்லாம் கார். ஊரைச் சுற்றி ஒரு புது அகலச் சாலை போட்டே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தச் சாலை நேராக இந்த முனை வழியாக வந்தது. தெருவையே துடைத்துவிடப் போகிறார்கள். இந்த ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றிக் கொஞ்சம் மேலே வெஸ்ட் ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று தீர்மானித்தார்கள்.

வீட்டைக் கட்டைகளால் அணைத்து, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட மாதிரி இறுக்கினார்கள். ஜாக்கி வைத்துத் தரையை விட்டுத் தூக்கினார்கள். அடியில் இரும்புச் சக்கரம், அதற்குத் தண்டவாளம். மொத்த எடை 21 டன்னுக்கும் மேல். பாதையோ மேடு. தூரம் நூறு கஜத்துக்குள்தான். ஆனால் போய்ச் சேரச் சில நாட்கள் ஆயின. ஊர் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. டி.வி. காமிராக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"எனக்கு அப்போது ஒன்பது வயசு" என்றார் பெரியவர்.

"நேர்ல பாத்தீங்களா ஸார்!" என்று சிவில் கிட்டத்தட்ட அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பார்த்தேன். சரியான போர்."

"போரா?"

"நகர்வதே தெரியாது. குளிர் வேறு. ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டே இருப்போம், ஒன்றும் நடக்காது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் விளக்குக் கம்பத்தைத் தாண்டி நிற்கும்."

"அதைப் பாத்துட்டுதான் தச்சு வேலைக்குப் போனீங்களா?"

அவர் சிரித்தார். "இல்லை. என் அப்பா தச்சர். வேறு வழி தெரியவில்லை."

சிவிலுக்கு இந்தப் பதிலில் கொஞ்சம் ஏமாற்றம். எனக்குப் பெரியவரை அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்றோம். "வெளியே நன்றாகத்தான் இருக்கும்" என்றவர், தன் தொழில் வயிற்றெரிச்சலைக் கொட்டினார். கறுப்பு வெள்ளை என்று நாம் படத்தில் பார்த்து மயங்குகிறோமே, அது பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்து மேக்கப். அதற்கு முன்பு நிறைய வீடுகளில் ஓக் கட்டையை அப்படியே விட்டுவிடுவார்கள், வெயில் மழையில் வெள்ளி மாதிரி நரைத்துப்போகும். அல்லது கட்டை, சுவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். கறுப்பு அடித்தது பாவம் இல்லை, பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. பாவம் செய்தது சிமென்ட். 20-ம் நூற்றாண்டில், மண்ணும் சுண்ணாம்பும் உதிர்ந்த இடத்திலெல்லாம் 'ஸ்ட்ராங்காக இருக்கட்டும்' என்று சிமென்ட் பூசினார்கள். மண்ணும் சுண்ணாம்பும் மூச்சு விடும். மழையில் நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும். சிமென்ட் மூச்சு விடாது. மரம் காயும்போது ஓரத்தில் விட்ட இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே தங்கி, ஐந்நூறு வருஷம் அசையாத உத்தரத்தை உள்ளுக்குள்ளேயே பிஸ்கட்டாக்கிவிடும். தன் சர்வீஸில் பாதி நாள் அந்தச் சிமென்டைப் பெயர்ப்பதிலேயே போயிற்று என்றார். இப்போது விஷயம் தெரிந்தவர்கள் மறுபடி சுண்ணாம்புக்கே திரும்பிவிட்டார்கள்.

சிவில் என் காதில், "காலேஜ்ல எங்களுக்குச் சிமென்டைத் தவிர வேற எதுவும் சொல்லித் தரலை மாப்ளே" என்றான். குரலில் கிண்டல் இல்லை.

நேரம் நெருங்கியது. எதிரே சர்ச் கோபுரத்தில் கடிகாரம் மணி அடித்தது. அதிலே மூன்று பொம்மைகள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு மேத்யூ த மில்லர் என்று ஊரார் வைத்த பெயர். மாவு மில்காரர். 17-ம் நூற்றாண்டிலிருந்து நேரம் சொல்கிறார். வீடு பாதையேறி வந்து தன் எதிரில் குடியேறியதை அவரும் பார்த்திருப்பார்.

ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. "வீடு முன்னாடி இருந்த இடத்தைப் பாக்கணும் ஸார்" என்றான் சிவில். பெரியவர் நாயைக் கேட்டார். அதற்கும் ஆட்சேபணை இல்லை.

நாலு எட்டு நடந்ததும் சத்தம் காதை அடைத்தது. அகலச் சாலை. கார்கள், பஸ்கள், லாரிகள். 1905-ல் கட்டிய பாலத்தையும் எடுத்துவிட்டு 1969-லும் 1972-லும் இரட்டைப் பாலம் போட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு வந்து போகிற போக்குவரத்து. அதன் நடுவே தீவு மாதிரி ஒரு புல்வெளி. அந்தப் புல்வெளியில், சுமார் 1200-ல் கட்ட ஆரம்பித்த பழைய கல் பாலம், எட்டரை வளைவுகளோடு தண்ணீரே இல்லாத தரையில் நிற்கிறது. பாலத்தின்மேலேயே கட்டிய செயின்ட் எட்மண்ட் சர்ச்சின் கோபுரம் மொட்டையாக மிச்சம். நதி விலகிப் போய்விட்டது. பாலம் போகவில்லை. பக்கத்தில் இருந்த வீடு போய்விட்டது.

"இங்கே எத்தனை வீடு ஸார் இருந்துது?" என்றேன்.

"தெரு இருந்தது" என்றார் பெரியவர். "எண்ணினதில்லை. என் பெரியப்பா இங்கே ஒரு கடை வைத்திருந்தார். ஆணி, திருகு, சங்கிலி, வாளி. எங்கள் அப்பாவுக்கு எப்போதும் கடன் உண்டு."

"அந்தக் கட்டடமும் பழசா?"

"யார் பார்த்தார்கள்! மேலே பூச்சு பூசியிருந்தது. உள்ளே என்ன மரம் இருந்ததோ. அந்தக் குளிரில் நாங்கள் எல்லோரும் சக்கரத்தில் போகிற வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மற்றது எந்த நாளில் போயிற்று என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் பார்த்தபோது இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. ரயில் டயம் சொல்வது மாதிரி சொன்னார். தொழிலில் இத்தனை விட்டம் மாற்றியவருக்கு இது மட்டும் இன்னும் ஆறவில்லை என்பது, நாயின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டதில் தெரிந்தது.

எனக்கும் அந்த இடத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். காலையிலிருந்து அந்த வீட்டைப் பார்த்து ஜே போட்டுக்கொண்டிருந்தேன். முனை வீடு என்றால் இரண்டு தெரு வேண்டாமா? அது இப்போது எந்த முனையில் இருக்கிறது? இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு எதை எட்டிப் பார்க்கிறது? ஆனால் சக்கரம் கட்டியிராவிட்டால் இந்த ஒன்றும் இருந்திருக்காது. மர ஆணியைத் தொட்டுப் பார்த்து ஒருவனுக்குப் படித்த படிப்பு ஞாபகம் வந்திருக்காது. இரண்டுமே நிஜமாகத்தான் படுகிறது.

"பெரியப்பா கடை கரெக்டா எங்க ஸார்?" என்றான் சிவில். அவன் எப்போதும் அளவு கேட்கிற ஆள்.

பெரியவர் கைத்தடியை நீட்டினார். சாலையில் இரண்டாவது லேன். ஒரு சிவப்பு கார் அதன்மேல் போயிற்று.

"அங்கே கல்லாப்பெட்டி. வாசல் கொஞ்சம் இந்தப் பக்கம், அந்த வெள்ளைக் கோடு இருக்கிறதே, அங்கே. வாளிகளை வாசலில் தொங்க விட்டிருப்பார். உயரமானவர்கள் தலையில் இடிக்கும்."

நடைபாதையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தோம். பச்சை மனிதன் விளக்கில் எரிந்ததும் வண்டிகள் நின்றன. நாய் முன்னால், பெரியவர் அடுத்து, பின்னால் நான். இரண்டாவது லேன் வந்ததும் சிவில் மட்டும் லேசாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.